கோடு போடும் வண்டி வருவதற்கு முன்

ஒரு தெருவுக்குப் புதிதாகத் தார் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து, புதுக் கலவையைக் கொட்டி உருட்டுகிறார்கள். அதன்பின் ஓரிரு நாளைக்கு அந்தத் தெருவில் ஒரு கோடுகூட இருக்காது. எந்த இடம் காருக்கு, எந்த இடம் சைக்கிளுக்கு, யார் எங்கே கடப்பது என்று எதுவும் எழுதப்படாத பலகைபோல் கிடக்கும். அப்புறம் கோடு போடும் வண்டி வரும். பழைய கோடுகள் இருந்த அதே இடத்தில், அதே அகலத்தில், ஒரு விரற்கடைகூட மாறாமல் போட்டுவிட்டுப் போகும். அடுத்த முறை அந்தத் தெருவில் கை வைக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். அதுவரை அங்கே நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் பழைய ஆபத்தோடுதான் காலம் தள்ள வேண்டும்.

பாதுகாப்பான தெரு என்று பேச்செடுத்தாலே "பணத்துக்கு எங்கே போவது?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் மேலே சொன்ன தெருவில் பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. தாருக்குக் கொடுத்தாயிற்று, பெயிண்டுக்குக் கொடுத்தாயிற்று, கூலியும் கொடுத்தாயிற்று. அந்தத் தேதிக்குள் ஒரு வரைபடம் மட்டும் தயாராகவில்லை. தெருக்களை மாற்றியமைக்கும் வேலையில் நிதியும் திட்டமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது இந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி, 2021இல் மட்டும் உலகெங்கும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடந்து போனவர்கள், சைக்கிளில் போனவர்கள், இருசக்கர மோட்டார் வாகனத்தில் போனவர்கள். 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் சாலை விபத்துதான் முதலிடத்தில் இருக்கிறது. ஒரு நோய் இப்படிக் கொன்றுகொண்டிருந்தால் நாம் இவ்வளவு பொறுமையாக இருந்திருக்க மாட்டோம்.

பதின்மூன்று மீட்டர்

தெருவை மாற்றியமைப்பதன் அடிப்படை வேகம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் சுமார் 8 மீட்டர் நகரும். குழந்தை குறுக்கே ஓடிவருவதைப் பார்த்து ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்று கொண்டால், அந்த 8 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தால் மேற்கொண்டு 5 மீட்டரில் வண்டி நின்றுவிடும். ஆக மொத்தம் 13 மீட்டர். அதே கார் 50 கி.மீ. வேகத்தில் வந்தால், முதல் ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் நகர்ந்துவிடும். அதாவது, 30இல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தை, 50இல் வந்த கார் வேகம் துளியும் குறையாமல் கடக்கிறது. ஓட்டுநரின் கால் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்காது. மோதலின் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. 30க்கும் 50க்கும் இடையில் அது ஏறக்குறைய மூன்று மடங்காகிறது.

இதனால்தான் 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு, மனிதர்களும் வாகனங்களும் கலந்து புழங்கும் இடங்களில் உச்ச வேகம் 30 கி.மீ. என்று வைக்கச் சொன்னது. ஸ்பெயின் 2021 மே மாதம் முதல், ஒவ்வொரு திசைக்கும் ஒரே தடம் உள்ள நகரத் தெருக்கள் எல்லாவற்றுக்கும் 30ஐயே பொது வரம்பாக்கியது.

ஆனால் பலகையில் 30 என்று எழுதினால் மட்டும் வண்டிகள் 30இல் போய்விடுவதில்லை. ஓட்டுபவரிடம் பலகையைவிடத் தெருவின் அகலம் சத்தமாகப் பேசுகிறது. நெடுஞ்சாலைபோல் அகலமான தடமும் நேர்கோடான பார்வையும் இருந்தால் கால் தானாக அழுத்தும். அதனால் தெருவின் உடலையே மாற்ற வேண்டியிருக்கிறது. தடத்தை 3 மீட்டர் அளவுக்குக் குறுக்கலாம். நான்கு தடச் சாலையை, நடுவில் திரும்புவதற்கு ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று தடமாக்கி, மிஞ்சும் இடத்தைச் சைக்கிளுக்குக் கொடுக்கலாம். இந்த ஒரு மாற்றத்தால் மொத்த விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் வரை குறைகின்றன என்று அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் தொகுத்துச் சொல்கிறது. இதற்குப் பெரும்பாலும் பெயிண்ட் செலவுதான்.

சந்திப்புகளில்தான் விஷயம் இன்னும் நுணுக்கமாகிறது. தெரு முனை பெரிய வளைவாக இருந்தால் கார் வேகம் குறைக்காமலே திரும்பும். அந்த வளைவை இறுக்கினால் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். கடக்கும் இடத்துக்கு முன்னால் சில மீட்டருக்கு எந்த வண்டியையும் நிறுத்தவிடாமல் காலியாக வைத்தால், கடக்க நிற்பவரும் ஓட்டி வருபவரும் ஒருவரை ஒருவர் முன்கூட்டியே பார்க்க முடியும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள ஹோபோகன் என்ற சின்ன நகரம் இதை விடாப்பிடியாகச் செய்தது. மற்ற மாற்றங்களும் சேர, 2017இல் தொடங்கி ஏழு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊர்த் தெருக்களில் ஒரு சாலை மரணம்கூட நிகழவில்லை. சாலை நடுவே நின்று மூச்சுவிட ஒரு திட்டு கட்டினாலே நடப்பவர்கள் மீதான மோதல்கள் பாதிக்கு மேல் குறைகின்றன.

சிக்னல் நேரத்தையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எனக்கு நெருக்கமான விஷயம். 18 மீட்டர் அகலச் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் 15 விநாடியில் கடந்துவிடுவார். கைத்தடி ஊன்றி விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 22 விநாடிக்கு மேல் ஆகும். பல சிக்னல்கள் முதலாமவரை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஏழு விநாடிப் பள்ளத்தில் என் அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி சாலை நடுவே நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர் நடந்தது சரியாகத்தான் இருந்தது. கணக்கில்தான் அவர் இல்லை.

மனிதர் தவறு செய்வார், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது; அப்படித் தாங்கும்படி தெருவை அமைப்பது, அமைப்பவர்களின் பொறுப்பு. இந்தக் கருத்தை 1997 அக்டோபரில் ஸ்வீடன் நாடாளுமன்றம் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. வேக வரம்புகளைக் குறைத்து, நகர மையத்தில் கார் நிறுத்துமிடங்களை நூற்றுக்கணக்கில் எடுத்துவிட்ட நார்வேயின் ஆஸ்லோவில், 2019ஆம் ஆண்டு முழுவதும் நடந்து போனவர் ஒருவரும் சாகவில்லை, சைக்கிளில் போனவர் ஒருவரும் சாகவில்லை. பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் 30 கி.மீ. வரம்பு வைத்திருக்கும் பின்லாந்தின் ஹெல்சின்கியில் 2024 ஜூலையிலிருந்து ஓராண்டு முழுக்க ஒரு சாலை மரணமும் இல்லை. குளிர்காலத்தில் பனி உறையும் இரண்டு தலைநகரங்கள் இவை.

வரைபடத்தில் தெரியாதவர்கள்

திட்டமிடல் வழக்கமாக விபத்து வரைபடத்தில் தொடங்கும். ஐந்து ஆண்டுக் கால விபத்துகளைப் புள்ளிகளாக வைத்துப் பார்த்தால், நகரத்தின் சாலை நீளத்தில் சின்னதொரு பங்கிலேயே பெரும்பாலான மரணங்களும் பலத்த காயங்களும் குவிந்திருப்பது தெரியும். முதலில் கை வைக்க வேண்டிய இடங்கள் அவை. அதில் மறுப்பில்லை.

ஆனால் விபத்து வரைபடத்துக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. மனிதர்கள் போகத் துணிந்த இடங்களில் நடந்ததை மட்டும்தான் அது காட்டும். மிக மோசமான ஒரு சாலையில் சைக்கிள் விபத்தே இல்லாமல் இருக்கலாம், ஏனென்றால் அங்கே யாரும் சைக்கிள் ஓட்டுவதே இல்லை. பிள்ளையைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்பப் பயந்து தினமும் வண்டியில் கொண்டுபோய் விடும் பெற்றோர் எந்த வரைபடத்திலும் புள்ளியாக விழுவதில்லை. இந்தக் குருட்டுப் புள்ளியை நிரப்ப, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம், சந்தை ஆகிய இடங்களுக்கு மக்கள் எந்த வழியாகப் போக விரும்புவார்கள் என்று தனியே கேட்க வேண்டும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சைக்கிள் திட்டங்களைக் கவனித்த ரோஜர் கெல்லர் 2006 வாக்கில் மக்களை நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தார். எந்தச் சாலையிலும் அஞ்சாமல் ஓட்டுபவர்கள் மிகச் சிலர். "விருப்பம் உண்டு, பயமாக இருக்கிறது" என்பவர்கள்தான் பெருங்கூட்டம், ஏறத்தாழ 60 சதவீதம் என்பது அவர் மதிப்பீடு. இந்தப் பெருங்கூட்டத்தை நினைத்துத் தெருவை அமைப்பதும், ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் துணிச்சல்காரர்களை நினைத்து அமைப்பதும் முற்றிலும் வேறு வேறு வேலைகள். வேகமான சாலையோரத்தில் ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்து அதற்குள் சைக்கிள் படம் வரைவது இரண்டாவது வகை. எட்டு வயதுப் பிள்ளையை அந்தக் கோட்டை நம்பி அனுப்ப மாட்டேன் என்றால், அதைப் பாதை என்று கணக்கில் சேர்ப்பதும் தப்பு என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, தொடர்ச்சி. ஒரு கி.மீ. அருமையான பாதை பெரிய சந்திப்புக்கு ஐம்பது மீட்டர் முன்னால் மறைந்துபோனால், பிள்ளையைச் சைக்கிளில் அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு தாய் அந்த ஐம்பது மீட்டரை வைத்துத்தான் முடிவெடுப்பார். ஸ்பெயினின் செவில் நகரம் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. துண்டு துண்டாகப் போட்டுப் பார்க்காமல், 2006–2007 வாக்கில் ஏறத்தாழ 80 கி.மீ. நீளத்துக்கு, போக்குவரத்திலிருந்து பிரிக்கப்பட்ட, ஒன்றோடொன்று இணைந்த பாதைகளை ஒரே மூச்சில் கட்டி முடித்தது. அதுவரை கண்ணில் படாத அளவுக்குக் குறைவாக இருந்த சைக்கிள் பயணங்கள் சில ஆண்டுகளில் பல மடங்காகின.

மக்களிடம் கருத்துக் கேட்பது பற்றியும் ஒரு வார்த்தை. மாலை ஆறு மணிக்கு ஓர் அரங்கில் கூட்டம் வைத்தால், அந்த நேரத்தில் வர முடிந்தவர்களின் குரல்தான் கேட்கும். அந்தத் தெருவிலேயே, பள்ளி விடும் நேரத்தில், ஒரு சக்கர நாற்காலிக்காரரையும் ஒரு மூதாட்டியையும் கூட்டிக்கொண்டு அதிகாரிகள் அரை மணி நேரம் நடந்தால் பத்துக் கூட்டத்தில் தெரியாதது தெரியும்.

இன்று சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்தும் பிறவியிலேயே அப்படி இருந்துவிடவில்லை. 1971இல் அங்கே சாலைகளில் 3,200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கு மேல் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973இல் வந்த எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு தன் பாதையை மாற்றியது. அதன்பிறகு ஐம்பது ஆண்டுகளாகத் தெருவுக்குத் தெரு நடந்த வேலையைத்தான் நாம் இன்று பார்த்து வியக்கிறோம்.

பணம் எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது

சைக்கிள் பாதைக்கு அல்லது அகலமான நடைபாதைக்கு ஏன் இவ்வளவு செலவு என்று மதிப்பீட்டைப் பார்த்து மலைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் செலவு பாதையால் வருவதில்லை. நடைபாதையின் ஓரக்கல்லை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் மழைநீர் ஓடும் திசை மாறும். வடிகால் வாயை இடம் மாற்ற வேண்டும். விளக்குக் கம்பம், சிக்னல் கம்பம், அடியில் போகும் குழாய், கேபிள் எல்லாம் நகர வேண்டும். அவை ஒவ்வொன்றும் வேறு வேறு துறையின் பொறுப்பில் இருக்கும். ஓரக்கல்லைத் தொடாமல் பெயிண்ட், தடுப்புக் கம்பங்கள், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் தொட்டிகள் ஆகியவற்றை மட்டும் வைத்துச் செய்தால், அதே பாதுகாப்பில் கணிசமான பங்கை மிகக் குறைந்த செலவில், சில வாரங்களில் கொண்டுவந்துவிடலாம்.

நியூயார்க் இந்த வழியில்தான் போனது. 2009இல் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையை முதலில் தற்காலிகமாக மூடினார்கள். பெயிண்ட், பீப்பாய்த் தடுப்புகள், மடக்கு நாற்காலிகள். மக்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். விபத்துக் காயங்கள் குறைந்ததை அளந்து பார்த்தபின் 2010இல் அதை நிரந்தரமாக்கினார்கள். கல் பாவி முழுதாகக் கட்டி முடிக்க மேலும் ஆறேழு ஆண்டுகள் ஆயின. அந்த ஆறேழு ஆண்டுகளும் தெரு பாதுகாப்பாகவே இருந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஆனால் தற்காலிகமானது தற்காலிகமாகவே கிழிந்து தொங்கும்படி விடுவது பெரிய துரோகம். முறிந்த தடுப்புக் கம்பங்கள் மாதக்கணக்கில் மாற்றப்படாமல் கிடந்தால், அதைக் காட்டியே அடுத்த தெருவின் திட்டத்தை முடக்கிவிடுவார்கள். பராமரிப்புச் செலவை முதல் நாளே கணக்கில் எழுதிவைக்க வேண்டும். பாதை கூட்டும் இயந்திரம் அந்த அகலத்துக்குள் நுழையுமா என்பதுவரை.

பணம் வரும் வழிகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது சட்டத்தின் வழி வருவதுதான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1971இலேயே ஒரு சட்டம் போட்டது. சாலையைப் புதிதாகக் கட்டினாலோ திருப்பிக் கட்டினாலோ நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் வழி செய்தே ஆக வேண்டும். மாநிலத்திலிருந்து வரும் நெடுஞ்சாலை நிதியில் குறைந்தது 1 சதவீதத்தை அதற்குச் செலவிட வேண்டும். மசாசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரம் 2019இல் இன்னும் ஒரு படி போனது. நகரின் சைக்கிள் திட்டத்தில் இடம்பெற்ற ஒரு தெருவைத் திருப்பிக் கட்டும்போது, பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதையோடுதான் கட்ட வேண்டும் என்று நகரச் சட்டமே ஆக்கிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் திட்ட வரைபடங்கள் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் தூங்கின. 2024 மார்ச்சில் வாக்காளர்களே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார்கள்: ஒரு மைலில் எட்டில் ஒரு பங்குக்கு, அதாவது சுமார் 200 மீட்டருக்கு மேல் மேம்படுத்தும் எந்தச் சாலையிலும் நகரம் தன் திட்டத்தில் எழுதிவைத்ததைச் செய்தாக வேண்டும். தார் போடும் நாளும் திட்டமும் ஒன்றோடொன்று இப்படிச் சட்டத்தால் கட்டப்பட்டுவிட்டால், ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனியாகப் பணம் கேட்டுக் கையேந்தும் நிலை வெகுவாகக் குறைகிறது.

அடுத்து மானியங்கள். அமெரிக்காவில் 2021 நவம்பரில் வந்த உள்கட்டமைப்புச் சட்டம், பாதுகாப்பான தெருக்களுக்கென்றே ஐந்து ஆண்டுகளுக்கு 500 கோடி டாலரை உள்ளூர் அமைப்புகளுக்காக ஒதுக்கியது. அதன் அமைப்பு கற்றுக்கொள்ளத் தக்கது. முதலில் திட்டம் தீட்டவே மானியம் உண்டு. பாதுகாப்புச் செயல்திட்டம் ஒன்று கையில் இருந்தால்தான் கட்டுமானத்துக்கான மானியம் கேட்கலாம். மொத்தச் செலவில் குறைந்தது 20 சதவீதத்தை உள்ளூர் தன் பங்காகப் போட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சிறிய ஊருக்கு இதில் இரண்டு இடங்களில் மூச்சு முட்டும். ஒன்று, விண்ணப்பம் எழுதவும் போக்குவரத்து எண்ணிக்கை எடுக்கவும் ஆளே இருக்க மாட்டார்கள். இரண்டு, இத்தகைய மானியம் பொதுவாகச் செலவு செய்தபின் திரும்பக் கிடைக்கும் முறையில் வருவது. முதலில் கைப்பணத்தைப் போட வேண்டும். ஆக, அதிக மரணங்கள் நிகழும் ஏழை ஊர்கள் பின்தங்கி, நல்ல அலுவலகம் வைத்திருக்கும் ஊர்கள் முந்திவிடும் ஆபத்து எந்தப் போட்டி மானியத்திலும் இருக்கிறது. பல சின்ன ஊர்கள் சேர்ந்து ஒரே திட்டமாக எழுதி, ஒரே பொறியாளரைப் பகிர்ந்துகொள்வது இதற்கு ஓரளவு மருந்து.

மானியத்தோடு தரமும் கட்டப்பட வேண்டும். இங்கிலாந்தில் 2020இல் வெளியான சைக்கிள் கட்டமைப்பு வழிகாட்டி வெறும் பெயிண்ட் கோட்டைப் பெரிய சாலைகளில் போதாது என்று ஒதுக்கியது. 2022இல் உருவான தனி அமைப்பு ஒன்று, பணம் கேட்டு வரும் வரைபடங்களை அந்தத் தரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. தரம் கேட்காமல் கொடுக்கும் பணம் கி.மீ. கணக்கைக் காட்டத்தான் உதவும்.

இவை தவிர, பார்க்கிங் கட்டணம், புதிய கட்டடங்கள் கட்டுபவர்களிடம் பெறும் பங்களிப்பு, நகர மையத்துக்குள் வரும் வாகனங்களிடம் லண்டன் 2003 முதல் வசூலிக்கும் நெரிசல் கட்டணம் போன்றவையும் உண்டு. லண்டன் கட்டணத்தின் நிகர வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று விதி இருக்கிறது.

நிதி ஒதுக்கும் இடத்தில் மௌனமாக வேலை செய்யும் ஒரு கணக்கு உண்டு. பல நாடுகளில் சாலைத் திட்டங்களின் பயனை அளக்கும்போது, ஆயிரக்கணக்கான கார்களுக்கு மிச்சமாகும் சில விநாடிகளைக் கூட்டிப் பெருக்கிப் பெரிய தொகையாக்குகிறார்கள். பாதையில் ஓடும் பிள்ளைகளின் ஆரோக்கியம், தனியாகக் கடைக்குப் போய்வர முடிகிற முதியவரின் சுதந்திரம் ஆகியவற்றுக்கு அந்தத் தாளில் பெரும்பாலும் ஒரு கட்டம்கூட இருக்காது. நிதிக் கோரிக்கை எழுதுபவர்கள் அந்தக் கட்டத்தைத் தாங்களே சேர்த்து எழுத வேண்டும்.

சரி, கடைக்காரர்கள்? அவர்களின் அச்சம் உண்மையானது, அலட்சியப்படுத்தக் கூடாது. வாசலில் இருந்த நான்கு பார்க்கிங் இடங்கள் போனால் வியாபாரம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் டொராண்டோவின் புளூர் தெருவில் கேட்டுப் பார்த்தபோது, காரில் வரும் வாடிக்கையாளர்களின் பங்கைக் கடைக்காரர்கள் உண்மையைவிட மிக அதிகமாக மதிப்பிட்டிருந்தது தெரியவந்தது. பெரும்பாலானோர் நடந்தோ, சைக்கிளிலோ, பொதுப் போக்குவரத்திலோ வந்திருந்தார்கள். வேலை தொடங்கும் முன்பே இந்தக் கணக்கெடுப்பை அந்தந்தத் தெருவில் நடத்தி, சரக்கு இறக்க நேரமும் இடமும் ஒதுக்கிக் கொடுத்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும். மாற்றத்துக்கு முன் எடுக்காத எண்ணிக்கையைப் பின்னால் எடுக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். வேகம், நடப்போர் எண்ணிக்கை, சைக்கிள் எண்ணிக்கை, கடைகளின் வரவு: நான்கையும் ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணி வைத்துவிட வேண்டும்.

உங்கள் தெருவில் இது நடக்க வேண்டுமென்றால், சாலைப் பொறுப்பில் உள்ள அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது அடுத்த மூன்று ஆண்டுகளில் தார் போடவிருக்கும் தெருக்களின் பட்டியல். குழாய் பதிக்கவும் கேபிள் போடவும் தோண்டவிருக்கும் இடங்களின் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். பள்ளிக்குப் போகும் வழியும் விபத்துப் புள்ளிகளும் அந்தப் பட்டியலோடு எங்கே ஒன்றுசேர்கின்றன என்று ஒரு காகிதத்தில் குறித்துப் பார்த்தால் ஐந்தாறு தெருக்கள் கிடைக்கும். வரைபடம், எண்ணிக்கை, டெண்டர் எல்லாவற்றுக்கும் பதினெட்டு மாதமாவது பிடிக்கும் என்பதால், இரண்டு ஆண்டு கழித்துத் தார் போடவிருக்கும் தெருவைப் பற்றி இந்த மாதமே பேசத் தொடங்க வேண்டும்.